ஸ்கேல் டிசிஏ பாட் எங்கே இடறுகிறது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரே தடவையில் வாங்காமல் பல தவணைகளாக வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கும் முறைதான் டிசிஏ (டாலர் காஸ்ட் ஆவரேஜிங்). கிரிப்டோவில் அதைத் தானாகச் செய்யும் மென்பொருளான டிசிஏ பாட்டை ஏற்கெனவே ஓட விட்டிருப்பவர்களுக்கான குறிப்பு இது. விலை இறங்க இறங்க வாங்கும் தொகையையும் கூட்டிக்கொண்டே போகும் முறையைத்தான் ஸ்கேல் டிசிஏ என்கிறோம். சாதாரண டிசிஏ-வில் ஒவ்வொரு முறையும் ஒரே தொகைக்கு வாங்குவோம். இதில் தொகையும் வளரும், படிகளுக்கு இடையிலான தூரமும் வளரும். வளர்கிற இரண்டு எண்களைப் பெருக்கிப் பார்க்காமல் விடுவதில்தான் பெரும்பாலான கோளாறுகள் தொடங்குகின்றன. பாட்டில் பிழை என்று நினைத்து லாகை, அதாவது அதன் செயல்பாட்டுப் பதிவை, துருவிக்கொண்டிருப்போம். காரணம் செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருக்கும்.

கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே உதாரணத்தைப் பயன்படுத்துகிறேன். ஒரு காயினின் விலை 100 டாலர். பேஸ் ஆர்டர் (தொடக்க வாங்கல்) 20 டாலர், முதல் சேஃப்டி ஆர்டரும் (விலை இறங்கும்போது செய்யும் கூடுதல் வாங்கல், கீழே படி என்பது இதைத்தான்) 20 டாலர். வால்யூம் ஸ்கேல் (படிக்குப் படி தொகை பெருகும் மடங்கு) 1.5, முதல் இறக்கம் 1.5 சதவீதம், ஸ்டெப் ஸ்கேல் (படிகளுக்கு இடையிலான தூரம் பெருகும் மடங்கு) 1.3, சேஃப்டி ஆர்டர்கள் 6. 3காமாஸ் போன்ற பாட் தளங்களில் கிட்டத்தட்ட இதே பெயர்களில்தான் கட்டங்கள் இருக்கும். இறக்கம் எல்லாம் பேஸ் ஆர்டர் விலையிலிருந்து கணக்கு.

பேஸ்: விலை 100, தொகை 20
முதல் படி: 1.5 சதவீதம் கீழே, விலை 98.50, தொகை 20
இரண்டாவது: 3.45 சதவீதம், விலை 96.55, தொகை 30
மூன்றாவது: 5.99 சதவீதம், விலை 94.02, தொகை 45
நான்காவது: 9.28 சதவீதம், விலை 90.72, தொகை 67.50
ஐந்தாவது: 13.56 சதவீதம், விலை 86.44, தொகை 101.25
ஆறாவது: 19.13 சதவீதம், விலை 80.87, தொகை 151.88

மொத்தம் 435.63 டாலர். இதில் கடைசி இரண்டு படிகள் மட்டுமே 58 சதவீதத்தை விழுங்குகின்றன. இந்த அட்டவணையை உங்கள் செட்டிங்ஸுக்கு ஒரு எக்செல் தாளில் போட்டு வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அது இல்லாமல் கீழே உள்ள எதையும் சரிபார்க்க முடியாது.

அறிகுறி: நாலாவது படிவரை வாங்குகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சின் ஸ்பாட்டில் (கடன் இல்லாமல் நேரடியாகக் காயினை வாங்கி விற்கும் சந்தை) லாகைப் பார்த்தால் மைனஸ் 2010 என்ற பிழை எண்ணும், கணக்கில் போதிய இருப்பு இல்லை என்ற செய்தியும் இருக்கும். "ஆயிரம் டாலர் வைத்திருக்கிறேனே, 20 டாலர் ஆர்டருக்கு எப்படி இருப்பு போதாது" என்ற குழப்பம் வரும்.

கணக்குப் போடுவோம். கையில் 1,000 டாலர். ஒரே சமயத்தில் ஐந்து காயின்களில் டீல் (பேஸ் ஆர்டரிலிருந்து விற்பனைவரை ஒரு சுற்று) திறக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். ஒரு காயினுக்குப் பங்கு 200 டாலர். நான்காவது படி முடிந்தபோது 182.50 செலவாகிவிட்டது. மீதி 17.50. ஐந்தாவது படிக்கு வேண்டியது 101.25. ஐந்து காயின்களுக்கும் முழுப் படிகளை ஓட்ட 2,178 டாலர் வேண்டும்.

"எல்லாக் காயினும் ஒரே நேரத்தில் ஐந்தாவது படிவரை போகுமா என்ன" என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். போகும். கிரிப்டோ சந்தையில் பிட்காயின் சறுக்கினால் மற்றவை சேர்ந்தே சறுக்குகின்றன, பெரும்பாலும் அதைவிட வேகமாக. 2020 மார்ச் 12 அன்று பிட்காயினே ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு அருகில் விழுந்தது. அப்படி ஒரு நாளில் தப்பித்து நின்ற காயினைத் தேடிப் பிடிக்க வேண்டும். பணம் எல்லாப் படிகளுக்கும் வேண்டியதாகும் நாளும், எல்லா டீலும் ஒன்றாகக் கை நீட்டும் நாளும் ஒரே நாள்தான்.

பாதியில் நின்றால் என்ன நஷ்டம்? ஆறு படிகளும் ஃபில் ஆகியிருந்தால், அதாவது நிறைவேறியிருந்தால், சராசரி விலை 87.37. சந்தை விலை 80.87 என்றால், 8 சதவீதம் ஏறினால் போட்ட பணம் திரும்பிவிடும். நான்காவது படியோடு நின்றால் சராசரி 94.24. அதே 80.87-லிருந்து 16.5 சதவீதம் ஏற வேண்டும். எந்தப் படிகளை நம்பி இந்த உத்தியைத் தேர்ந்தெடுத்தீர்களோ, அந்தப் படிகளே காணாமல் போய்விட்டன.

சரிசெய்யும் வழி: கடைசிப் படியிலிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போடுங்கள். மொத்தத் தொகையை பேஸ் ஆர்டரால் வகுத்தால் ஒரு பெருக்கல் எண் கிடைக்கும். நம் உதாரணத்தில் 435.63 வகுத்தல் 20, அதாவது 21.78. ஒரு காயினுக்கு ஒதுக்கிய பணத்தை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உங்களால் தாங்கக்கூடிய பேஸ் ஆர்டர். 200 டாலருக்கு அது 9.18 டாலர். 20 டாலர்தான் வேண்டும் என்றால், காயின்களின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைக்க வேண்டும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். கண்காணிக்க எளிது, கட்டணத்துக்கும் கொஞ்சம் பணம் மிச்சம் நிற்கும்.

ஸ்கேலை லேசாகத் தட்டினாலும் இந்தப் பெருக்கல் எண் எகிறிவிடும். அதே 1.5 ஸ்கேலில் படிகளை ஆறிலிருந்து எட்டாக்கினால் மொத்தம் 1,005 டாலர். எட்டுப் படிகளோடு ஸ்கேலை 2 ஆக்கினால் 5,120 டாலர். தொடக்கம் என்னவோ அதே 20 டாலர்தான்.

ஃப்ரீக்ட்ரேட் என்ற இலவச பாட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இதே நோய் வேறு உருவில் வரும். ஆர்டர் தொகையை "அன்லிமிடெட்" என்று வைத்துவிட்டு, முதல் ஆர்டரின் தொகையைக் குறைக்கும் கஸ்டம் ஸ்டேக் அமௌன்ட் ஃபங்ஷனை எழுதாமல் விட்டால், ஒதுக்கிய பணம் முழுவதும் முதல் ஆர்டரிலேயே போய்விடும். கூடுதல் படிகளுக்கு மிச்சமே இருக்காது. அதன் ஆவணத்தில் உள்ள மாதிரி உத்தி இதற்காகவே முதல் தொகையை 5.5 ஆல் வகுக்கிறது. 1, 1.25, 1.5, 1.75 ஆகிய நான்கு வாங்கல்களின் கூட்டுத்தொகை அது. உங்கள் ஸ்கேலை மாற்றினால் அந்த 5.5-ஐயும் மாற்ற வேண்டும்.

இருப்பு உண்மையிலேயே போதும், ஆனாலும் அதே பிழை வருகிறது என்றால், ஒரே சமயத்தில் எத்தனை சேஃப்டி ஆர்டர்களை எக்ஸ்சேஞ்சில் போட்டு வைக்கலாம் என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் 6 என்று இருந்தால் ஆறு ஆர்டர்களின் பணமும் முதல் நிமிடத்திலேயே முடக்கப்படும். 1 என்று வைத்தால் அடுத்த படிக்கான பணம் மட்டும் முடங்கும். ஆனால் ஒன்று ஃபில் ஆன பிறகுதான் அடுத்தது போகும், வேகமான சரிவில் ஓரிரு படிகள் தாமதமாகலாம். நான் 2 வைப்பேன்.

அறிகுறி: ஆர்டரை எக்ஸ்சேஞ்ச் ஏற்கவே மறுக்கிறது

பைனான்ஸில் மைனஸ் 1013 என்ற எண்ணோடு "ஃபில்டர் ஃபெயிலியர்" என்று வரும். அதற்குப் பக்கத்தில் வரும் சொல்தான் முக்கியம். நோஷனல் என்றால் ஆர்டரின் மொத்த மதிப்பு அந்த ஜோடிக்கான (எந்தக் காயினை எந்தப் பணத்தில் வாங்குகிறோம் என்பது) குறைந்தபட்சத்தைவிடக் கீழே இருக்கிறது. லாட் சைஸ் என்றால் காயினின் அளவு அனுமதித்த தசம இடங்களுக்குள் பொருந்தவில்லை. பிரைஸ் ஃபில்டர் என்றால் விலையின் தசம இடங்களில் சிக்கல்.

ஸ்கேல் டிசிஏ-வில் நோஷனல் பிழை முதல் படியில்தான் வரும், ஏனென்றால் அதுதான் மிகச் சிறியது. முந்தைய பிரிவில் சொன்னபடி பேஸ் ஆர்டரைக் குறைத்துக்கொண்டே போனால் இந்தத் தரையில் முட்டும். குறைந்தபட்சம் 5 டாலர் என்றால் சரியாக 5 டாலர் வைக்காதீர்கள். அளவைக் கீழ்நோக்கி முழுமையாக்கும்போது 4.98 ஆகி அதுவும் நிராகரிக்கப்படும். விற்கும்போதும் இதே வரம்பு உண்டு. 5 டாலருக்கு வாங்கியது 4.70 ஆக இறங்கினால் ஸ்டாப் லாஸ் ஆர்டரே (நஷ்டம் ஓர் எல்லையைத் தொட்டால் விற்றுவிடும் ஆர்டர்) போகாது. குறைந்தபட்சத்தைப் போல் இரண்டு மடங்கு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசிப் படி மட்டும் போகவில்லை என்றால் ஸ்டெப் ஸ்கேலைச் சந்தேகியுங்கள். முதல் இறக்கம் 2 சதவீதம், ஸ்டெப் ஸ்கேல் 1.5 என்று வைத்தால் எட்டாவது படி 98.5 சதவீதம் கீழே போய் நிற்கும். ஒன்பதாவது படியின் விலை பூஜ்யத்துக்கும் கீழே. அப்படி ஓர் ஆர்டரை யாராலும் போட முடியாது.

அறிகுறி: எல்லாப் படிகளும் ஒரே மூச்சில் ஃபில் ஆகிவிட்டன

பாட் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பணம் முழுவதும் உள்ளே போய்விட்டது, விலை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. படிகள் நெருக்கமாக இருப்பதுதான் காரணம். முதல் இறக்கம் 0.5, ஸ்டெப் ஸ்கேல் 1, ஆறு படிகள் என்றால் மொத்த ஆழமே 3 சதவீதம். பெரும்பாலான ஆல்ட்காயின்களுக்கு (பிட்காயின் அல்லாத காயின்களுக்கு) அது ஒரு காலைப் பொழுதின் இறக்கம்.

ஸ்டெப் ஸ்கேலை 1-க்குக் கீழே வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறக்கம் 1.5, ஸ்கேல் 0.9 என்றால், எத்தனை படிகள் சேர்த்தாலும் மொத்த ஆழம் 15 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சிறியது, கூட்டுத்தொகை 15-ஐ நெருங்கிக்கொண்டே போகுமே தவிர எட்டாது. இருபது படிகள் வைத்திருக்கிறேன், பாதுகாப்பாக இருக்கிறேன் என்ற நினைப்பு அங்கே பொய்யாகிறது.

ஃப்ரீக்ட்ரேட்டில் இதைவிட நுட்பமான ஒரு பொறி உண்டு. இதை யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை என்பது என் ஆதங்கம். "லாபம் மைனஸ் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னொரு முறை வாங்கு" என்று எழுதுகிறோம். ஐந்து, பத்து, பதினைந்து என்று படிகள் விழும் என்று மனதில் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த லாபம் முதல் விலையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, சராசரி விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சராசரி இறங்கி சந்தை விலைக்கு அருகில் வந்துவிடுகிறது. 100-இல் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது 95-இல் 1.25 மடங்கு. சராசரி 97.16 ஆகிறது. அதிலிருந்து 5 சதவீதம் கீழே என்றால் 92.30. அங்கே 1.5 மடங்கு வாங்கியதும் சராசரி 95.16. அடுத்தது 90.40. படிகளின் இடைவெளி 5, 2.70, 1.90 என்று சுருங்கிக்கொண்டே வருகிறது. 15 சதவீத ஆழம் என்று நினைத்தது 10 சதவீதம்கூட இல்லை. தொகையை வேகமாகக் கூட்டினால் இந்தச் சுருக்கம் இன்னும் மோசமாகும்.

இதற்குத் தீர்வு, முதல் ஃபில் ஆன ஆர்டரின் விலையை எடுத்து, இப்போதைய விலை அதிலிருந்து எவ்வளவு கீழே என்று நீங்களே கணக்கிட்டு, எத்தனையாவது படி என்பதற்கு ஏற்ப வரம்பை வைப்பது. நாலைந்து வரி மாற்றம்தான். கூடவே, கடைசிக் கேண்டில் (சார்ட்டில் ஒரு கால அளவின் விலை நகர்வைக் காட்டும் கட்டை) அதற்கு முந்தைய கேண்டிலைவிடக் கீழே முடிந்திருந்தால் வாங்காதே என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். ஃப்ரீக்ட்ரேட் மாதிரி உத்தியிலேயே அது இருக்கிறது, நகல் எடுக்கும்போது பலர் அதை நீக்கிவிடுகிறார்கள். விழுந்துகொண்டிருக்கும்போதே ஓடி ஓடி வாங்குவதை அது ஓரளவு தடுக்கும்.

ஆழத்தை எவ்வளவு வைப்பது என்று கேட்டால், அந்தக் காயினின் கடந்த ஓராண்டுத் தினசரி சார்ட்டைத் திறந்து, மிக மோசமான வாரத்தில் எவ்வளவு விழுந்தது என்று பாருங்கள். கடைசிப் படி அதற்கும் கீழே இருக்க வேண்டும். அந்த அளவு ஆழத்துக்குப் பணம் போதவில்லை என்றால் அந்தக் காயினை விட்டுவிடுவதுதான் சரி. எந்த ஆழமும் போதாத காயின்களும் உண்டு. 2022 மே மாதத் தொடக்கத்தில் 80 டாலர் அளவில் இருந்த லூனா என்ற காயின், மாதப் பாதிக்குள் ஒரு சென்டுக்கும் கீழே போனது. அங்கே ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பெரிய நஷ்டம்.

அறிகுறி: படிகள் ஃபில் ஆகின்றன, சராசரி இறங்க மறுக்கிறது

பேஸ் ஆர்டர் பெரியதாகவும் சேஃப்டி ஆர்டர் சிறியதாகவும் இருக்கிறது, அல்லது வால்யூம் ஸ்கேல் 1-லேயே இருக்கிறது. நம் படிகளையே ஸ்கேல் இல்லாமல் ஒவ்வொன்றும் 20 டாலராக வைத்தால், கடைசிப் படியில் சராசரி 91.98. வெளியே வர 13.7 சதவீதம் ஏற வேண்டும். ஸ்கேலோடு என்றால் 8 சதவீதம். சரி, அப்படியானால் ஸ்கேலே சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விலை 60-க்குப் போனால் ஸ்கேல் இல்லாத டீலின் நஷ்டம் 48.67 டாலர், ஸ்கேல் உள்ளதன் நஷ்டம் 136.47 டாலர். பாட் திரை சதவீதத்தைக் காட்டும்போது ஸ்கேல் உள்ள டீல்தான் நன்றாகத் தெரியும். டாலரைப் பாருங்கள்.

அறிகுறி: டேக் ப்ராஃபிட் (லாபத்தில் விற்க வைத்த) விலை வந்தும் விற்கவில்லை

ட்ரெய்லிங் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால் விலை தொட்டவுடன் விற்காது, உச்சத்திலிருந்து சற்று இறங்கிய பிறகுதான் விற்கும்.

அது இல்லை, விற்பனை ஆர்டரே இருப்பு போதவில்லை என்று திரும்பி வருகிறது என்றால், கட்டணம் வாங்கிய காயினிலிருந்தே கழிக்கப்பட்டிருக்கும். நம் உதாரணத்தில் ஆறு படிகளும் சேர்த்து 4.986 காயின்கள். 0.1 சதவீதக் கட்டணம் போனால் கையில் 4.981. பாட் 4.986-ஐ விற்க முயன்றால் எக்ஸ்சேஞ்ச் மறுக்கத்தான் செய்யும். பைனான்ஸ் ஸ்பாட்டில் கட்டணத்தை அதன் சொந்தக் காயினான பிஎன்பி-யில் செலுத்தும்படி வைத்தால் 25 சதவீதத் தள்ளுபடியும் உண்டு, இந்தச் சிக்கலும் தீரும். ஆனால் பிஎன்பி இருப்பு நடுவில் தீர்ந்துபோனால் அதற்குப் பிறகான வாங்கல்களுக்குக் கட்டணம் மறுபடி காயினிலிருந்து போகும். "நேற்றுவரை ஒழுங்காக விற்றது, இன்று மட்டும் விற்கவில்லை" என்ற புகாரைக் கேட்டால் முதலில் பிஎன்பி இருப்பைத்தான் பார்க்கச் சொல்வேன். ஸ்கேல் படிகளில் தொகை வளர வளரக் கட்டணமும் வளர்கிறது. கடைசிப் படிகளில்தான் இருப்பு தீரும்.

அறிகுறி: ஒவ்வொரு டீலும் லாபம் என்று காட்டுகிறது, கணக்கில் பணம் குறைகிறது

டேக் ப்ராஃபிட் சதவீதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். மொத்த வால்யூம், பேஸ் ஆர்டர் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். 1.5 சதவீதம் மொத்தத்தின் மேல் என்றால் முழுப் படிகளும் ஓடிய டீலில் 6.53 டாலர். பேஸ் ஆர்டரின் மேல் என்றால் வெறும் 30 சென்ட். 435 டாலர் போட்டு 30 சென்ட் லாபத்துக்கு விற்கும்போது, வாங்க ஒரு முறை, விற்க ஒரு முறை என 0.1 சதவீதம் வீதம் கட்டணமே 87 சென்ட் வரும். முடிந்த டீல் ஒன்றை எடுத்து, எக்ஸ்சேஞ்சின் ஆர்டர் வரலாற்றில் கட்டணத்தோடு கூட்டிக் கழித்துப் பாருங்கள். பாட் காட்டும் லாபத்தோடு ஒத்துப்போகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

இந்தியாவில் ரூபாய் ஜோடிகளில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு ஓட்டை உண்டு. 2022 ஜூலை 1 முதல் கிரிப்டோ விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. லாபத்தின் மேல் அல்ல, மொத்த விற்பனைத் தொகையின் மேல். 1.5 சதவீத லாபத்துக்கு விற்கும் பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு லாபம் அந்த நிமிடமே கையைவிட்டுப் போகிறது. வருமான வரி தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் பாட்டுக்கு இல்லை. டீல்கள் பெருகப் பெருக இருப்பு கரைந்து, முதல் அறிகுறியில் போய் நிற்பீர்கள். படிகளுக்கான பணத்தைக் கணக்கிடும்போதே இதையும் ஒதுக்குங்கள். ரூபாய் ஜோடியில் டேக் ப்ராஃபிட் 3 சதவீதத்துக்குக் கீழே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அறிகுறி: ஸ்டாப் லாஸ் நினைத்த இடத்தில் அடிக்கவில்லை

முன்கூட்டியே அடித்தால், ஸ்டாப் லாஸ் படிகளின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பேஸ் விலையிலிருந்து 10 சதவீதம் என்று வைத்தால் நம் உதாரணத்தில் ஐந்தாவது, ஆறாவது படிகளுக்கு வேலையே இல்லை. அவற்றுக்காகப் பணத்தை ஒதுக்கி வைத்தது வீண்.

தாமதமாக அடித்தால், ஸ்டாப் லாஸ் சராசரி விலையிலிருந்து கணக்கிடப்படுகிறதா என்று பாருங்கள். சராசரி இறங்கும்போதெல்லாம் ஸ்டாப்பும் கூடவே இறங்கும். ஃப்ரீக்ட்ரேட்டில் இது நேர்மாறு. எத்தனை முறை வாங்கினாலும் ஸ்டாப் லாஸ் முதல் விலையிலிருந்தே கணக்கு. லாபமோ சராசரியிலிருந்து. இரண்டையும் ஒரே அளவுகோல் என்று நினைத்து எழுதினால் எதுவும் பொருந்தாது.

நம் படிகளுக்கு ஸ்டாப்பை 25 சதவீதத்தில் வைத்தால் நஷ்டம் சுமார் 61.70 டாலர். பேஸ் ஆர்டரோடு முடிந்துவிடும் டீலில் லாபம் 30 சென்ட். அப்படிப்பட்ட இருநூற்றுச் சொச்சம் டீல்களின் சம்பாத்தியத்தை ஒரு ஸ்டாப் எடுத்துக்கொள்ளும். இந்தியச் சட்டத்தில் கிரிப்டோ நஷ்டத்தை வேறொரு கிரிப்டோ லாபத்தோடுகூடக் கழிக்க முடியாது. அந்த இருநூறு டீல்களின் லாபத்துக்கு 30 சதவீத வரி கட்டியே ஆக வேண்டும். வெற்றி விகிதம் 99 சதவீதம் என்று விளம்பரம் செய்யும் செட்டிங்ஸைப் பார்க்கும்போது இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்டாப்பே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் தீர்வல்ல, லூனா வைத்திருந்தவர்களின் கதை அதற்குச் சாட்சி.

அறிகுறி: ஃப்யூச்சர்ஸில் கடைசிப் படிக்கு முன்பே லிக்விடேஷன்

ஸ்பாட்டில் சரியாக ஓடிய செட்டிங்ஸை அப்படியே ஃப்யூச்சர்ஸுக்கு (கையில் உள்ளதைவிடப் பல மடங்குக்கு வர்த்தகம் செய்யும் சந்தைக்கு) மாற்றியவர்களுக்கு இது நடக்கும். ஐசோலேட்டட் மார்ஜினில் (அந்த டீலுக்கு ஒதுக்கிய பணம் மட்டுமே பிணை) 10 மடங்கு லெவரேஜ் (பிணையைப் போல் 10 மடங்குக்கு வர்த்தகம்) என்றால் சராசரியிலிருந்து ஏறக்குறைய 10 சதவீதம் கீழே லிக்விடேஷன் (எக்ஸ்சேஞ்ச் டீலைக் கட்டாயமாக மூடுவது), மெயின்டனன்ஸ் மார்ஜின் (டீல் திறந்திருக்கத் தேவையான குறைந்தபட்சப் பிணை) காரணமாக அதற்கும் சற்று முன்பே. ஐந்தாவது படிக்குப் பிறகு சராசரி 91.30, லிக்விடேஷன் 82.17 அளவில். ஆறாவது படி 80.87-இல் காத்திருக்கிறது. விலை அங்கே போகும்போது டீலே இருக்காது. 20 மடங்கு என்றால் நான்காவது படியையே பார்க்க முடியாது. ஒவ்வொரு படிக்குப் பிறகும் லிக்விடேஷன் விலை அடுத்த படிக்குக் கீழே இருக்கிறதா என்று அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்துச் சரிபாருங்கள். ஒரு வரியில் இல்லையென்றாலும் லெவரேஜைக் குறைக்க வேண்டியதுதான்.

அறிகுறி: பாட்டை நிறுத்திய பிறகும் வாங்குகிறது

இது பிழை அல்ல. பாட்டை நிறுத்துவது என்றால் புது டீல் திறக்காதே என்றுதான் பொருள். திறந்திருக்கும் டீல்களின் சேஃப்டி ஆர்டர்கள் தொடர்ந்து வேலை செய்யும். ஃப்ரீக்ட்ரேட்டில் டெலிகிராம் வழியாக புது என்ட்ரியை நிறுத்தும் கட்டளைக்கும் இதே நடத்தைதான். வாங்குவது முழுவதும் நிற்க வேண்டும் என்றால் டீலுக்குள் போய் சேஃப்டி ஆர்டர் எண்ணிக்கையைக் குறைக்கவோ டீலை ரத்து செய்யவோ வேண்டும். செட்டிங்ஸை மாற்றினேன், ஓடும் டீலில் மாறவில்லை என்பதும் இதன் உடன்பிறப்பே. மாற்றங்கள் புது டீல்களுக்கு மட்டும் போகும், பழையதைத் தனியாகத் திருத்த வேண்டும்.

அறிகுறி: பேக்டெஸ்ட்டில் ஜொலிக்கிறது, நேரடியில் சொதப்புகிறது

ஃப்ரீக்ட்ரேட் பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் உத்தியைச் சோதிப்பது) ஒரு கேண்டிலுக்கு ஒரு முறைதான் டீலைச் சரிசெய்து பார்க்கும். ஒரு மணி நேரக் கேண்டிலில் விலை 10 சதவீதம் கீழே போய்த் திரும்பினால், பேக்டெஸ்ட்டில் ஒரு படிதான் ஃபில் ஆகும், நேரடியில் நான்கு ஃபில் ஆகும். அதனால் பேக்டெஸ்ட் உங்களுக்குத் தேவையான பணத்தைக் குறைத்தே காட்டும். டைம்ஃப்ரேம் டீடெயில் என்ற தேர்வில் ஒரு நிமிடக் கேண்டிலைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் உண்மைக்கு நெருங்கி வரும். ஏற்றக் காலத்தை மட்டும் எடுத்துச் சோதிக்காமல் 2022 மே, ஜூன் மாதங்களைக் கட்டாயம் சேருங்கள்.

அறிகுறி: பாட் எக்ஸ்சேஞ்சோடு பேசவே இல்லை

மைனஸ் 1021 வந்தால் சர்வரின் கடிகாரம் தவறாக ஓடுகிறது. நேர ஒத்திசைவை இயக்கினால் போதும். மைனஸ் 2015 என்றால் ஏபிஐ சாவி (பாட் உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கை இயக்கப் பயன்படும் ரகசியக் குறியீடு) தவறு, அல்லது அந்தச் சாவிக்கு ட்ரேடிங் அனுமதி இல்லை, அல்லது ஐபி முகவரி பட்டியலில் இல்லை. வீட்டு இன்டர்நெட்டில் ஓட்டினால் மோடத்தை அணைத்துப் போடும்போது ஐபி மாறுவது வழக்கம்.

அந்தத் தொல்லைக்காக ஐபி கட்டுப்பாட்டையே எடுத்துவிடாதீர்கள். 2022 டிசம்பரில் 3காமாஸ் பயனர்களின் ஏபிஐ சாவிகள் கசிந்ததை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பணம் எடுக்கும் அனுமதி இல்லாத சாவியை வைத்தும், வியாபாரம் குறைந்த காயின்களை உங்கள் கணக்கில் அதிக விலைக்கு வாங்க வைத்துப் பணத்தை உறிஞ்ச முடியும். மாதம் சில டாலருக்கு நிலையான ஐபி உள்ள ஒரு சிறிய சர்வரை எடுத்து, சாவியை அந்த ஒரு முகவரிக்கு மட்டும் கட்டிவையுங்கள். பணம் எடுக்கும் அனுமதியை எந்தக் காரணத்துக்காகவும் பாட்டுக்குக் கொடுக்காதீர்கள், கேட்கும் பாட்டைப் பயன்படுத்தவும் வேண்டாம்.